கிராமப் பள்ளியும் படிப்பும்: மேலாண்மைக் குழுப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் அவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன. பெரும்பாலும் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதியது.

பள்ளி மேலாண்மைக் குழுன்னா என்ன? பி.டி.ஏ.வும் அதுவும் ஒண்ணுதானே?

இல்லை. பி.டி.ஏ. என்கிற பெற்றோர் ஆசிரியர் கழகம் ஒரு சங்கம். மேலாண்மைக் குழு சட்டப்படி அமைந்தது. 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21, அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் இந்தக் குழு இருந்தாக வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-ல் 20 பேர் கொண்ட குழுக்கள் அமைந்தன. 2024-ல் மறுகட்டமைப்பு செய்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். தலைவர் ஒரு பெற்றோர்தான். தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டுபவர், குழுவுக்குத் தலைவர் அல்ல.

பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, மூன்றாண்டுக்கான பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பது, வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, இவை மூன்றும் குழுவின் சட்டப் பொறுப்புகள். கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுகிறார்கள் என்றால் சட்டம் சொன்னதில் எதுவும் அங்கே நடக்கவில்லை.

நான் அஞ்சாவதுக்கு மேல படிக்கலை. டீச்சர்கிட்ட நான் என்னத்தைக் கேக்க முடியும்?

பாடம் எப்படி நடத்துவது என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் மூன்றே கேள்வி கேளுங்கள். போன மாதம் பத்து நாளுக்கு மேல் வராத பிள்ளைகள் யார் யார்? ஒவ்வொரு வகுப்பிலும் தமிழைத் தானாக வாசிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு இந்த மாதம் என்ன செய்யப் போகிறோம்? பதில்கள் எண்களாகவும் பெயர்களாகவும் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். "படிப்பு நன்றாக உள்ளது" என்ற வரியை எழுத விடாதீர்கள்.

கட்டடம், வண்ணப்பூச்சு, ஆண்டு விழா ஆகியவற்றிலேயே கூட்டம் முடிந்துவிடுகிற குழுக்கள் நிறைய. அவையும் தேவைதான். ஆனால் படிப்பைப் பற்றிய பேச்சை முதலில் வைக்காவிட்டால் அதற்கு நேரமே கிடைக்காது.

எம்பொண்ணு நாலாவது படிக்கிறா. புஸ்தகத்தைக் கடகடன்னு ஒப்பிக்கிறா. அவளுக்கு நெஜமாவே வாசிக்க வருதா?

ஒப்பிப்பதையும் வாசிப்பதையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. இரண்டு வகுப்பு கீழே உள்ள தமிழ்ப் புத்தகத்தில் அவள் பார்த்திராத ஒரு பக்கத்தைத் திறந்து, படத்தைக் கையால் மறையுங்கள். நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு நடுவரியில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேளுங்கள். கடைசியாக, வாசித்ததில் என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். வாசித்துவிட்டு விஷயம் சொல்லத் தெரியாவிட்டால், எழுத்துக் கூட்டுவதிலேயே அவள் கவனமெல்லாம் செலவாகிறது என்று பொருள்.

தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். புள்ளியைக் கவனிக்காமல் "பட்டம்" என்பதைப் "படடம" என்பார்கள். கெ, கே, கை ஆகியவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஓசை பின்னால் வருகிறது, அதில் குழம்புவார்கள். கொ, கோ இரண்டையும் ஒன்றாக வாசிப்பார்கள். முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பார்கள். எங்கே தடுமாறினாள் என்று ஒரு தாளில் குறித்து டீச்சரிடம் கொடுத்தால் அவருக்கே வேலை எளிதாகும்.

கணக்குக்கு இரண்டு கேள்வி போதும். "நானூற்று ஏழு" என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். 4007 என்று எழுதினால் இடமதிப்பு புரியவில்லை. 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று வந்தால், பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறாள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை. 25 என்பது சரி.

வாசிக்க வரலைன்னு தெரிஞ்சிருச்சு. டியூஷன் வெக்கணுமா?

காசு கொடுத்து டியூஷன் வைத்தால் அங்கேயும் வகுப்புப் பாடத்தைத்தான் எழுத வைப்பார்கள். நாலாவது படிக்கும் பிள்ளைக்கு எழுத்துக் கூட்ட வரவில்லை என்றால் நாலாம் வகுப்புப் பாடம் பயன்படாது. அவள் நிற்கும் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இதற்காகத்தான் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. உங்கள் பிள்ளை எந்த நிலை என்று டீச்சரிடம் கேளுங்கள். மூன்று மாதம் கழித்தும் அதே நிலையிலேயே இருந்தால் ஏன் என்றும் கேளுங்கள்.

வீட்டில் ஒரு நாளைக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். பெற்றோருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் அக்காவோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ உட்காரலாம். முதல் ஐந்து நிமிடம் பெரியவர் கதை வாசித்துக் காட்டட்டும், பிறகு பிள்ளை அதையே விரல் வைத்து வாசிக்கட்டும், கடைசியில் அதிலிருந்து மூன்று சொற்களைப் பார்க்காமல் எழுதட்டும். நாள் தவறாமல் நடப்பதுதான் முக்கியம். ஞாயிறு ஒரு நாளில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் அடுத்த ஞாயிறுக்குள் மறந்துவிடும்.

இல்லம் தேடிக் கல்வி சென்டர் எங்க தெருவுல நின்னுபோச்சு. நாங்களே நடத்தலாமா?

நடத்தலாம். தெருவிலேயே தன்னார்வலர்கள் மாலையில் சொல்லிக்கொடுப்பதற்காக 2021-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் அளவுகள் இன்றைக்கும் பொருந்தும்: ஒரு தன்னார்வலருக்கு சுமார் 20 பிள்ளைகள், மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் ஒன்றரை மணி நேரம். வேண்டியவை ஒரு பொது இடம், நல்ல விளக்கு வெளிச்சம், இரண்டு பாய், ஒரு கரும்பலகை, ஐம்பது சிறு கதைப் புத்தகங்கள். இடம் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தயங்காமல் வரக்கூடியதாக இருக்கட்டும். சில கோயில் மண்டபங்களுக்கு எல்லோரும் வரமாட்டார்கள். அங்கன்வாடியோ பள்ளி வராந்தாவோ மேல். அதற்குத் தலைமையாசிரியரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

இத்தகைய மையங்கள் நின்றுபோவதற்குக் காரணங்கள் சில உண்டு. ஒன்று, வீட்டுப்பாடம் எழுதும் இடமாக மாறிவிடுவது. முதல் முக்கால் மணி நேரம் நிலைவாரி வாசிப்புக்கும் கணக்குக்கும் என்று கறாராக ஒதுக்கிவிட்டு, வீட்டுப்பாடத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நடத்துகிற பெண்ணுக்குக் கல்யாணமோ வேலையோ வந்தவுடன் பூட்டிவிடுவது. அதனால் முதல் நாளிலிருந்தே இரண்டு பேரைப் பழக்குங்கள். மூன்றாவது, சம்பளம். "சேவை" என்று சொல்லி ஒரு பட்டதாரிப் பெண்ணின் மாலை நேரத்தை முழுக்க இனாமாக வாங்குவது நியாயமில்லை. அரசே மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. ஊர் அதற்குக் குறையாமல் கொடுக்கட்டும்.

மையத்தில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இருட்டிய பின் தூரத்துத் தெருப் பிள்ளைகளை யார் கொண்டுபோய் விடுவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை, முன்பு சொன்ன நாலு வரிச் சோதனையை எல்லாப் பிள்ளைகளுக்கும் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாங்க விடிகாலையிலயே வேலைக்குப் போயிடுறோம். பையன் பள்ளிக்கொடம் போறானா இல்லையான்னே தெரியலை.

இதைத் தனி வீடு தீர்க்க முடியாது, தெரு சேர்ந்தால் முடியும். ஒவ்வொரு தெருவுக்கும் குழுவில் ஒரு உறுப்பினரைப் பொறுப்பாக்குங்கள். தொடர்ந்து மூன்று நாள் ஒரு பிள்ளை வராவிட்டால் ஆசிரியர் அவருக்குத் தகவல் சொல்ல, அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்பது என்று தீர்மானம் போடுங்கள். பத்து நாள் கழித்துப் போனால் பிள்ளை ஆடு மேய்க்கவோ மில்லுக்கோ பழகிவிட்டிருக்கும்.

போகும்போது திட்டப் போகாதீர்கள், காரணம் கேட்கப் போங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தியிருந்தால் அங்கன்வாடியில் இடம் கேட்கலாம். பெரிய பெண் மாதத்தில் அதே நாட்களில் வராமல் இருந்தால் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். பஸ் நேரம் மாறியிருந்தால் பணிமனைக்கு மனு. வாசிக்கத் தெரியாத கூச்சத்தில் நின்றுவிட்டவன் என்றால், முன்பு சொன்ன நிலைவாரிப் பயிற்சிதான் மருந்து. ஒன்று முதல் ஐந்து வகுப்புக்குக் காலை உணவுத் திட்டம் இருப்பதால், அதிகாலையில் வேலைக்குப் போகும் வீடுகள் பிள்ளையைச் சாப்பாட்டு நேரத்துக்கே பள்ளிக்கு அனுப்பிவிடலாம்.

பொங்கல் ஒட்டி செங்கச் சூளைக்குப் போனா வைகாசியிலதான் திரும்புவோம். பிள்ளை படிப்பு என்ன ஆகும்?

பிள்ளையின் எமிஸ் எண்ணை, அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்ணை, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். சூளைக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் அதைச் சொன்னால் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே உள்ள தலைமையாசிரியர் கணினியில் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் பல பிள்ளைகள் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று சொல்லி எட்டாம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியும் சேர்க்க மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 5 அதைத் தெளிவாகச் சொல்கிறது. தாத்தா பாட்டியிடம் விட்டுப் போவதானால், தெருப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

அஞ்சு வகுப்புக்கு ரெண்டு வாத்தியார்தான். இது சரியா?

சட்டக் கணக்குப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. எனவே 45 பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் இரண்டு பேர் இருப்பது சட்டப்படி சரி, பிள்ளைகளுக்குப் போதாது என்றாலும். 70 பேர் இருந்து இரண்டு ஆசிரியர்தான் என்றால் அது காலியிடம். தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள்.

குழு தானாக யாரையும் ஆசிரியராக நியமிக்க முடியாது. 2022-ல் காலிப் பணியிடங்களில் தற்காலிக ஆசிரியர்களை மேலாண்மைக் குழு வழியாக நியமிக்க அரசே அனுமதி கொடுத்தது. அப்படி அரசு ஆணை வரும்போது, கல்வித் தகுதியைச் சரிபார்த்து நடத்தலாம். ஊர்க் காசில் உதவிக்கு ஆள் வைப்பதென்றால், அது மாலை மையத்துக்கு என்று இருப்பது நல்லது.

தீர்மானம் போட்டுக்கிட்டேதான் இருக்கோம். ஒண்ணும் நடக்கலையே?

தீர்மானத்தின் வாசகத்தைப் பாருங்கள். "கழிப்பறை வசதி செய்து தர வேண்டும்" என்று எழுதினால் அதை யாரும் எடுத்துச் செய்ய முடியாது. "மாணவியர் கழிப்பறை இரண்டில் ஒன்றின் குழாய் ஆறு மாதமாக உடைந்துள்ளது, மேல்நிலைத் தொட்டியிலிருந்து 15 மீட்டர் குழாய் மாற்ற வேண்டும், ஊராட்சி இதை இம்மாத இறுதிக்குள் செய்து தரக் கோருகிறோம்" என்று எழுதினால் யார், எதை, எப்போது என்பது தெரியும். இரண்டு புகைப்படமும் இணையுங்கள்.

அடுத்து, சரியான கதவைத் தட்ட வேண்டும். குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு ஆகியவை ஊராட்சியின் வேலை. சுற்றுச்சுவர், வகுப்பறை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். ஆசிரியர் விஷயம் கல்வித் துறை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குழுத் தீர்மானத்தைக் கிராம சபையிலும் வைத்து நிறைவேற்றினால் அதற்கு வலு கூடும். பெற்றோர் பத்துப் பேராவது சேர்ந்து போக வேண்டும். தனியாகப் போனால் கடைசியில் "இதர பொருள்" என்று ஒதுக்கிவிடுவார்கள்.

கொடுத்த மனுவுக்கு நகலில் தேதியுடன் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். அதற்கும் பதில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் "இன்ன தேதியிட்ட மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன?" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த மனு போனவுடனே வேலை தொடங்கிவிடுவதும் உண்டு.

பள்ளிக்கு எவ்வளவு காசு வருது? கேட்டா ஹெச்.எம். கோவிச்சுக்குவாரே?

ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் ஆண்டு மானியத்துக்கு அளவு உண்டு. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். இது உச்ச அளவு. சில ஆண்டு தாமதமாகவோ பகுதியாகவோ வரும். 2024-25-ல் ஒன்றிய அரசு இந்தத் திட்டத்தின் நிதியைத் தமிழ்நாட்டுக்கு விடுவிக்காமல் நிறுத்திவைத்தது. அந்த ஆண்டுக் கணக்கைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள், ஹெச்.எம்.மைச் சந்தேகிப்பதற்கு முன்.

"கணக்குக் காட்டுங்க" என்று கேட்பதைவிட "இந்த வருஷப் பணத்துல எதை முதல்ல வாங்கலாம்?" என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டு முன்னுரிமைப் பட்டியல் போடுங்கள். செலவான பிறகு பட்டியலையும் ரசீதையும் ஒப்பிடுவது யாருக்கும் சங்கடமாக இருக்காது. நேர்மையான தலைமையாசிரியருக்குக் குழுவின் கையெழுத்து ஒரு பாதுகாப்பு.

வெளியூர்ல வேலை பாக்குற எங்க ஊர்ப் பசங்க காசு தரேங்கிறாங்க. எப்படி வாங்குறது?

ஊர் கூடிப் பள்ளிக்குக் கொடுப்பது நம்மிடம் புதிதல்ல. காமராசர் ஆட்சியில் 1958-ல் செங்கல்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு மாவட்டம் மாவட்டமாக அதைக் கொண்டுபோனார். நிலம், பெஞ்சு, சீருடை, சாப்பாட்டுத் தட்டு என்று மக்கள் கொடுத்தார்கள். இன்று அதற்கு 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" இணையதளம் இருக்கிறது. பள்ளியையும் தேவையையும் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்தினால் ரசீது கிடைக்கும். ரொக்கமாகத் தனி ஆள் கையில் வாங்காதீர்கள். பொருளாகக் கொடுத்தால் அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

கொடுப்பவர்கள் ஸ்மார்ட் டிவி வாங்கித் தரவே ஆசைப்படுவார்கள், கல்வெட்டில் பெயர் வரும் என்பதற்காகவும். மின்சாரம் நிலையாக இல்லாத பள்ளியில் அது உறை போர்த்திய நிலையிலேயே கிடக்கும். முதலில் வாசிக்கத் தகுந்த கதைப் புத்தகங்கள், கழிப்பறைக்கு ஓராண்டுத் துப்புரவுச் செலவு, குடிநீர்ச் சுத்திகரிப்பானின் வடிகட்டி மாற்றும் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். புதிதாக வாங்க நூறு பேர் வருவார்கள். பராமரிப்புக்கு யாரும் வருவதில்லை, அதை நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

குழுவுல எங்க தெருக்காரங்களைச் சேக்குறதேயில்லை. பேருக்கு ஒருத்தரை எழுதிக்கிறாங்க.

பின்தங்கிய, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும் என்று பிரிவு 21-லேயே இருக்கிறது. பள்ளியில் பாதிப் பிள்ளைகள் காலனிப் பிள்ளைகள் என்றால் பெற்றோர் இடங்களில் பாதி அவர்களுக்கு. உறுப்பினர் பட்டியலைப் பள்ளிச் சுவரில் எழுதச் சொல்லுங்கள். கூட்டம் பள்ளியில்தான் நடக்க வேண்டும், யார் வீட்டுத் திண்ணையிலும் அல்ல. கூலி வேலைக்குப் போகும் தாய்மார் வரக்கூடிய நேரத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தட்டைத் தனியாக வைப்பது, தலித் சமையலர் சமைத்தால் பிள்ளையைச் சாப்பிட விடாமல் தடுப்பது, கழிப்பறையை ஒரு சாதிப் பிள்ளைகளைக் கழுவ வைப்பது ஆகியவை ஊர் வழக்கம் என்று பேசி முடிக்கும் விஷயங்கள் அல்ல. இவை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்காகும். குழு உடனே ஆட்சியருக்கு எழுத வேண்டும்.

பையன் எட்டாவது. ஏதோ பரிட்சை எழுதுனா பணம் வருமாமே?

தேசிய வருவாய்வழி மற்றும் தகுதி உதவித்தொகைத் தேர்வு. என்.எம்.எம்.எஸ். என்பார்கள். அரசு, உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பில் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். மனத்திறன் பகுதியை வகுப்பில் யாரும் நடத்துவதில்லை என்பதால் நல்லாப் படிக்கிற பிள்ளைகளும் அங்கே விட்டுவிடுகிறார்கள். ஜூலையிலிருந்து வாரம் இரண்டு மணி நேரம் பழைய வினாத்தாள் போட்டுப் பழக்கினால் மாற்றம் தெரியும். கிடைத்த பிறகு ஒவ்வொரு ஆண்டும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். அதை மறந்து இரண்டாம் ஆண்டுப் பணத்தை இழப்பவர்கள் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்று இன்னொன்று வரும். மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர், ஆண்டுக்கு 1,000 ரூபாய்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் என மாதம் 1,000 ரூபாயும் உண்டு. இடையில் ஒரே ஒரு வருஷம் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றினாலும் ஒதுக்கீட்டுத் தகுதி போய்விடும். ஒன்பதாவதில் மாற்ற நினைக்கும் பெற்றோரிடம் இதை ஏழாவதிலேயே சொல்லிவிடுங்கள்.

வாத்தியார் அடிக்கிறாரு. சொன்னா பிள்ளையைப் பழிவாங்குவாங்களோன்னு பயமா இருக்கு.

பிரிவு 17 அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. முதல் முறை என்றால் பெயர் சொல்லாமல் குழுவில் பொதுவாகப் பேசலாம். தொடர்ந்தால் 14417 என்ற கல்வி உதவி எண்ணிலோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலோ சொல்லுங்கள்.

பாலியல் சீண்டல் என்றால் வழியே வேறு. அதைக் குழுக் கூட்டத்தில் விசாரிக்கவோ பேசி முடிக்கவோ யாருக்கும் உரிமை இல்லை. போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் மறைத்தவர் மீதும் வழக்கு. பிள்ளையை ஒருவருக்கு மேல் கேள்வி கேட்க விடாதீர்கள், பெயரை வெளியே விடாதீர்கள்.

எல்லாரும் வேன்ல பிரைவேட்டுக்கு அனுப்புறாங்க. நம்ம பள்ளியை மூடிருவாங்களா?

எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் ஆசிரியர் பணியிடம் குறையும், பிறகு பள்ளியே ஆபத்தில் நிற்கும். ஆனால் ஜூன் மாதம் துண்டறிக்கை கொடுத்துப் பயனில்லை. வேன்காரர் மார்ச் மாதமே வந்து பேசிவிட்டுப் போயிருப்பார். பிப்ரவரியில் அங்கன்வாடிப் பதிவேட்டை வைத்து, ஐந்து வயது நிரம்பப் போகும் பிள்ளைகளின் வீட்டுப் பட்டியல் எடுங்கள். உங்கள் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பல அரசுப் பள்ளிகளில் இருக்கிறது, பெற்றோருக்குத் தெரியாது.

பட்டியலில் உள்ள வீடுகளைப் பள்ளிக்கு ஒரு மாலை அழையுங்கள். பேச்சாளர் வேண்டாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், வந்திருக்கும் பெற்றோர் எடுத்துக் கொடுக்கும் எந்தப் பக்கத்தையும் வாசித்துக் காட்டட்டும். அதற்கு அந்தப் பிள்ளைகள் வாசிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். எனவே பிப்ரவரி மாலைக்கான வேலை ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம், நாலு வரிச் சோதனையிலிருந்து தொடங்குகிறது.